என் மச்சானின் மரண அறிவிப்பு

பாவசங்கீர்த்தனத்தில் நான் இதுவரை சொன்ன பாவங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஃபாதர், "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். காதில் விழவில்லை போலும் என்று மறுபடி சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "அந்தப் பதினொண்ணு வர்ற எடத்த மட்டும் இன்னொரு வாட்டி" என்றார். அதன் பிறகுதான் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. பரிகாரமாக மூன்று 'அருள்நிறை மரியே' விதித்து, கதை நன்றாக இருந்ததால் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்.

பாவம் இதுதான்: ஒரு கம்ப்யூட்டருக்கு நேரம் தவறாமையைக் கற்றுக்கொடுத்தேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய கதை. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று பெயர். ஒருமுறை பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்ததில் வந்த பெயர் அது. (காகிதம் பாதிதான் வந்தது. மீதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.) பெயர் அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது நடந்து நடந்து, எங்கள் வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் சேர்ந்த பங்கின் கோயில் வரை போய்விட்டது.

கோயிலில் நிஜ மணி விரிசல் விட்டு ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு, கோபுரத்தில் இருந்த கூம்பு ஸ்பீக்கரில் பதிவு செய்த மணிதான் ஒலிக்கும். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சவரிமுத்து படியேறி, பங்கு அலுவலகத்தைத் திறந்து, கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்குவார். அவருக்கு முட்டி வலி. படியேறும்போது அவர் சொல்லும் செபங்கள் எந்தச் செபப் புத்தகத்திலும் கிடையாது. அதைக் கேட்டுவிட்டுத்தான் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார்.

"தானா அடிக்கிற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

"ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டா போதும் ஃபாதர்" என்றேன். அதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே.

இன்ன நேரத்தில் இன்ன வேலையைச் செய் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லி வைத்த வேலைக்கு 'டாஸ்க்' என்று பெயர். மவுசால் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து உருவாக்கலாம்தான். ஆனால் மூன்று வேளை மணி, பூசைக்கு முந்தைய பாட்டு, மூன்று மணிச் செபம், திருமண அறிவிப்பு, மரண அறிவிப்பு என்று எல்லாவற்றையும் கிளிக் செய்து முடிப்பதற்குள் என் மரண அறிவிப்பே வந்துவிடும். அதனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒரு கோப்பில் தேதி, நேரம், ஒலிக்க வேண்டியது ஆகியவற்றை வரிசையாக எழுதி வைத்தால், ஸ்கிரிப்ட் அதைப் படித்து டாஸ்க்குகளைத் தானே உருவாக்கிவிடும். இணையத்தில் பார்த்துப் பார்த்து மூன்று மாலைகளில் எழுதி முடித்தேன்.

அதில் என் சொந்த மூளை வேலை செய்த இடங்கள் இரண்டு. அந்த இரண்டும்தான் என்னைக் கவிழ்த்தன.

முதலாவது: ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டியபோது, 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டாஸ்க் இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. விவரம் தெரிந்தவன் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டிருப்பான். நான் பெயருக்குப் பின்னால் ஓட்டிய நேரத்தை வால் மாதிரி ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் புதுப் பெயர், புது டாஸ்க். கம்ப்யூட்டர் அடங்கிவிட்டது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

இரண்டாவது: எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. கரண்ட் இல்லாததால் மணி அடிக்காமல் போய்விட்டால்? 'நேரம் தவறிப்போன வேலையை, முடிந்தவுடன் செய்துவிடு' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று படித்தேன். சேர்த்தேன். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளவும் ஏற்பாடு செய்தேன்.

மரண அறிவிப்புதான் பாக்கி. எங்கள் பங்கில் யாராவது இறந்தால் முதலில் துக்க மணி இழுத்து இழுத்து அடிக்கும். பிறகு உபதேசியார் வாசிப்பார். அந்தக் குரலைக் கேட்டால் சாகாதவர்களும் ஒரு நிமிடம் படுத்துக்கொள்வார்கள். மாதிரிக்கு ஒன்று பதிவு செய்து சோதிக்கலாம் என்று அவரை மைக் முன்னால் உட்கார வைத்தேன்.

"யாரு பேர வாசிக்கறது சார்?"

"யாரு பேராச்சும் வாசிங்க."

"உசுரோட இருக்கிறவங்க பேர வாசிச்சா அவுங்க ஊட்டுக்காரங்க வந்து என் காலை ஒடைப்பாங்க. ஏற்கெனவே முட்டி சரியில்ல."

நியாயம்தான். யார் பெயரைப் போட்டாலும் சண்டை வரும். சண்டைக்கு வராத ஓர் உயிர் இந்தப் பங்கில் இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது. என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி சார்லஸ். மச்சானைக் கேலி செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தவிர, சார்லஸ் பேசவே மாட்டான்.

"நம்ம சார்லஸ் பேர வாசிங்க."

"பாவம் சார், கல்யாணம் ஆவாத புள்ள."

"சும்மா ஒரு மாதிரிக்குத்தானே? கேட்டுட்டு அழிச்சுடலாம்."

உபதேசியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வாசித்தார். அந்த டாஸ்க்கைச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தேன். அந்த நேரத்தில் நானே நேரில் போய், கோபுர ஸ்பீக்கருக்குப் போகும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, மேசை ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுச் சரிபார்ப்பதாகத் திட்டம். அதற்குள் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, இங்கே ஒரு திருத்தம், அங்கே ஒரு திருத்தம் என்று மரண அறிவிப்பு வரியை மட்டும் வைத்து ஸ்கிரிப்டைச் சில முறை ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சார்லஸ் பிறந்து சாகக் காத்திருந்தான். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. இனி மாலை ஐந்து மணிக்குத்தான். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இருட்டாக உட்கார்ந்திருந்தது. சரி, சோதனை அடுத்த வாரம் என்று கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். (காலை மணிக்காக உபதேசியார் போட்ட ஆம்ப்ளிஃபயர் சுவிட்சு அப்படியே இருந்தது. சுவிட்சைப் பார்க்கத் தெரியாதவனுக்கு ஸ்கிரிப்ட் எதற்கு?)

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அன்று மாலை சார்லஸைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் திருப்தியாக இருந்தால்தான் கை நனைப்பார்கள். அதாவது, அந்த வீட்டில் ஏதாவது சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது. 'வயிறு சரியில்லைங்க' என்றால் வேறு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சார்லஸுக்கு வயது முப்பத்தாறு. அதுவரை மூன்று குடும்பங்கள் வந்து, மூன்றுக்கும் வயிறு சரியில்லாமல் போயிருந்தது. மூன்று முறையும் ஸ்டெல்லா கிண்டிய கேசரியை நாங்களே ஒரு வாரம் சாப்பிட்டோம்.

"இந்தத் தடவையும் கேசரி மிஞ்சுச்சுன்னா அவன் இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்கன்னுட்டான்" என்றாள் ஸ்டெல்லா, கிளறிக்கொண்டே. அவள் கண் கலங்கியிருந்தது. ஏலக்காய் காரணமாக இருக்க முடியாது.

மாமியார் வீடு கோயிலின் பின் தெருவில் இருக்கிறது. கூம்பு ஸ்பீக்கர் குறி வைத்தது போல அதன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். நாலரை மணிக்கு வேன் வந்து நின்றது. (நாங்கள் ராகு காலம் பார்ப்பதில்லை. ஆனால் ராகு காலத்தில் எங்கள் வீடுகளுக்கு யாரும் வந்ததும் இல்லை.) பெண்ணின் அப்பா, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். அவருடைய அக்கா. அவர்களுக்குப் பின்னால் பெண்ணே இறங்கினாள். ரெஜினா. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். "கட்டிக்கப்போறது நான், நானும் வீட்டைப் பாக்கணும்னு ஒரே அடம்" என்றார் அப்பா, பெருமையும் சங்கடமும் கலந்து.

அத்தைக்காரி வாசற்படியிலிருந்தே வீட்டைத் தணிக்கை செய்ய ஆரம்பித்தார். சுவரைப் பார்த்தார். காபி டம்ளரைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். சார்லஸின் காதைப் பார்த்தார்.

"காபி எடுத்துக்குங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அப்புறம் பாக்கலாம்மா" என்றார் அத்தை.

"அப்புறம் பாக்கலாம்" என்றார் போஸ்ட் மாஸ்டர், அக்காவைப் பார்த்துவிட்டு.

ஃபேன் ஓடாத கூடத்தில் எல்லோரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சார்லஸ் அரை மணி நேரத்தில் பேசியது இரண்டு வார்த்தை. "வாங்க", "ஆமாங்க". ஐந்து மணிக்குப் பட்டென்று கரண்ட் வந்து ஃபேன் சுழன்றது. கேசரித் தட்டு மேசைக்கு வந்தது. போஸ்ட் மாஸ்டர் முகம் மலர்ந்து, "நல்ல நேரந்தான்" என்றார். பேச்சு மெல்லச் சூடு பிடித்தது. அவர் கை கேசரித் தட்டை நோக்கி நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கரண்ட் வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

டாங்.

துக்க மணி. ஒரு மணி அல்ல. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அதன் வாலை இன்னொன்று. நடுவில் பன்னிரண்டு மணிக்கு அடித்திருக்க வேண்டிய நண்பகல் மணியும் புகுந்துகொண்டது. பிறகு உபதேசியாரின் குரல்:

"மரண அறிவிப்பு. நம் பங்கைச் சேர்ந்த, கோயில் பின் தெரு, மறைந்த ஜேம்ஸ் அவர்களின் மகன் சார்லஸ்..."

"...மகன் சார்லஸ்..."

"...சார்லஸ்..."

பழைய கம்ப்யூட்டர். அத்தனை டாஸ்க்கையும் ஒரே மூச்சில் தூக்க முடியாமல், ஒவ்வொன்றாக விட்டு விட்டுத் தூக்கியது. குகைக்குள் நின்று கத்தியதன் எதிரொலி போல் என் மச்சான் செத்துக்கொண்டே இருந்தான்.

"...இன்று காலை இறைவனில் இளைப்பாறினார். அடக்கத் திருப்பலி இன்று மாலை ஐந்தரை மணிக்கு..."

போஸ்ட் மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. எல்லோரும் சார்லஸைப் பார்த்தோம். சார்லஸ் எழுந்து நின்று, போஸ்ட் மாஸ்டரிடம் மிகவும் மரியாதையாக, "அது நான் இல்லீங்க" என்றான்.

மகன் கண்ணெதிரே நிற்கிறான். ஆனாலும் அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதும் என் மாமியார், "ஐயோ எம்புள்ள!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். "அம்மா, நான் இருக்கம்மா" என்று அவன் தேற்றினான். அவர் நிறுத்துவதாக இல்லை.

"எந்திரி தம்பி" என்றார் அத்தை, போஸ்ட் மாஸ்டரிடம். "சகுனமே சரியில்ல. மாப்பிள்ள பாக்க வந்த எடத்துல சாவு மணியா?"

"ஐயோ, டாஸ்க்கு!" என்று நான் அலறினேன். அந்தக் கூடத்தில் அந்த வார்த்தை புரிந்தது ஒருத்திக்குத்தான். ரெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஷெட்யூல் பண்ணி வச்சீங்களா?"

"ஆமாம்மா."

"சாவி எங்க?"

சாவி என் பையில். நான் ஓடினேன். மாப்பிள்ளையை இன்னும் முழுதாகப் பார்த்துக்கூட முடிக்காத அந்தப் பட்டுப்புடவைக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். எதிரே டீக்கடை ராயப்பன் கையில் ரோஜா மாலையோடு அழுதுகொண்டே வந்துகொண்டிருந்தான். "சார், எப்படி சார் ஆச்சு?" என்றான். நான் நிற்காமல் அவனைத் தாண்டி ஓடினேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைக்கலாம் என்று, கண்ணில் பட்ட குமிழ்களை எல்லாம் கண்டபடி திருகினேன். ஒன்றும் குறையவில்லை. ஏதோ ஒரு சிவப்பு விளக்கு மட்டும் புதிதாக எரிந்தது. ரெஜினா என்னை நகர்த்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வளையல் சத்தத்தோடு நாலு தட்டு. சார்லஸ் ஒருவழியாகச் சாவதை நிறுத்தினான். அப்பாடா, என்ன அமைதி.

"எத்தன தடவண்ணே ஓட்டுனீங்க?"

"நாலஞ்சு இருக்கும்மா."

"பதினொண்ணு இருக்கு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏற்கெனவே இருக்குன்னு எர்ரர் வந்திருக்குமே?"

"வந்துச்சு. பேர மாத்திட்டேன்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினொன்றையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, இப்ப நாம ரெண்டு பேருதான். உண்மையச் சொல்லுங்க. உங்க மச்சான் எப்படி?"

வழக்கம்போல 'தங்கமான பையன்' என்று ஆரம்பிக்கத்தான் வாயெடுத்தேன். ஒருத்தனைப் பதினொரு முறை சாகடித்த வாயால் விளம்பரமும் சொல்ல மனம் வரவில்லை.

"பேச மாட்டாம்மா. கொழம்புல உப்பு ஜாஸ்தின்னாகூடச் சொல்ல மாட்டான், தண்ணியக் குடிச்சிக்குவான். சினிமாவுக்குப் போனா நல்லா இருந்துச்சான்னு கேட்டுத் தெரிஞ்சிக்க முடியாது. ஆனா எங்க வீட்டுக்காரி பதினேழு நாள் ஆஸ்பத்திரில கெடந்தா. தினம் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரா வருவான். கட்டில் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காருவான். ஒரு வார்த்த பேச மாட்டான். அவன் வந்து உக்காந்தாத்தான் அவ தூங்குவா. நான் பேசிப் பேசி அவ தூக்கத்தக் கெடுத்துக்கினு இருந்தேன். இப்பக்கூடப் பாரு. இவ்ளோ பெரிய அநியாயம் பண்ணியிருக்கேன், என்னை ஒரு வார்த்த கேக்கல. 'அது நான் இல்லீங்க'ன்னுதான் சொன்னான்."

அவள் கடைசி டாஸ்க்கையும் அழித்தாள்.

"எனக்குப் புடிச்சிருக்குண்ணே" என்றாள். "அப்பாவுக்கும் புடிச்சிருக்கு, எனக்குத் தெரியும். ஆனா அத்தை கை நனைக்காம அவரு நனைக்க மாட்டாரு. அத்தைக்கு எந்த வீட்டுலயும் எதுவும் புடிக்காது. ஒரு வீட்டுல டம்ளர் சரியில்லம்பாங்க, ஒரு வீட்டுல நாய் சரியில்லம்பாங்க. போன மாப்பிள்ளைக்குக் காது பெருசாம். இவங்க சொல்லிச் சொல்லியே எனக்கு முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. அவுங்க நல்லவங்கதான், நான்னா உசுரு. ஆனா வாய் இருக்கே..."

கதவைத் திறந்து வெளியே வந்தோம். படிக்குக் கீழே பங்கு ஜனத்தில் பாதி நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து கோபுர ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து எங்களைப் பார்த்தார்கள். ராயப்பன் மாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மைக்க ஆஃப் பண்ணுங்க சார்."

அந்தச் சிவப்பு விளக்கு.

ரெஜினாவின் முகமும் அதே நிறத்துக்குப் போனது. திரும்பிப் போகும் அந்த நூறு அடி தூரம் எனக்கு வேளாங்கண்ணி பாதயாத்திரை போல இருந்தது. வாசலில் செருப்புகள் அப்படியே கிடந்தன. வேனும் நின்றிருந்தது. கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது முதல் தட்டல்ல. ஸ்டெல்லா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள், அசைந்தால் கனவு கலைந்துவிடும் என்பது போல. போஸ்ட் மாஸ்டர் தன் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

ரெஜினா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா பாக்கற?" என்றார் அத்தை. "டம்ளரும் நல்லாத்தான் இருக்கு."

அப்போது சார்லஸ் எழுந்தான். ரெஜினாவைப் பார்த்து, தன் ஒரு மாத வார்த்தைச் சேமிப்பை மொத்தமாக எடுத்துச் செலவு செய்தான்: "நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. ஓடிப் போயி ஓடி வந்தீங்க. காபி சூடா எடுத்துக்கினு வரவா?"

"வாங்குன மாலையப் பூக்கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்" என்று ராயப்பன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். யாரும் தடுக்கவில்லை. அந்த மாலையைச் சார்லஸ் கழுத்தில் போட்டுவிட்டு அவனும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டான். கேசரி மிஞ்சவில்லை. எனக்குக்கூட வழித்த பாத்திரம்தான் கிடைத்தது.

திருமணம் சிதம்பரத்தில் நடந்தது. அத்தை என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்தார்: "இவருதான் எங்க மாப்பிள்ளையச் சாகடிச்சவரு." இன்றும் நான் சிதம்பரம் போனால் அதுதான் என் பெயர், முகவரி, பதவி எல்லாம். சாவு அறிவித்தால் ஆயுசு கெட்டி என்பது அவர் கட்சி. பதினொரு அறிவிப்புக்கு எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டு, சார்லஸை நூற்றைத் தாண்டி எங்கோ அனுப்பி வைத்திருக்கிறார்.

கோயில் மணி இப்போது ஒழுங்காக அடிக்கிறது. ஸ்கிரிப்டை ரெஜினா திருத்தி எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் வருடம் விருந்துக்கு வந்திருந்தபோது, "உங்க கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குண்ணே, பாக்கறேன்" என்று என் மேசைக் கம்ப்யூட்டர் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். நானும் நன்றி சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை காலை சரியாகப் பதினொரு மணிக்கு அது வாயைத் திறந்தது. சவரிமுத்து உபதேசியாரின் அதே குரல். "அறிவிப்பு. நம் பங்கைச் சேர்ந்த, மறைந்த ஜேம்ஸ் அவர்களின் மகன் சார்லஸ், இன்று காலையும் நலமாக இருக்கிறார்." (கூப்பிட்டுக் கேட்டேன். "இதைத்தான் சார் அன்னைக்கே வாசிச்சிருக்கணும்" என்றார் உபதேசியார்.) அந்த டாஸ்க்கை நான் தேடிக் கண்டுபிடித்தேன். அழிக்கப் போனால், உனக்கு அனுமதி இல்லை என்கிறது. ஸ்டெல்லாவும் அதையேதான் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு. பதினொரு மணி சத்தமில்லாமல் கடந்து போனது. ஸ்டெல்லா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாம் முறை, "போன் போட்டு ஒரு வார்த்த கேக்கட்டுமா?" என்றாள். "கேட்டாலும் ஒரு வார்த்தைதான் சொல்லுவான்" என்றேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, இருவரும் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

பத்தாவது நிமிடம் சார்லஸ் நலமாக இருந்தான். ஸ்டெல்லா எழுந்து ரவையை வறுக்கப் போனாள்.